குடேலேயில் ஒரு போலீஸ் கட்டடம்: தெற்கு சூடான் காவல்துறை பற்றிய நிகழ்வு ஆய்வு

2013 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு. தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவில் அதிபரின் மெய்க்காவல் படைக்குள்ளேயே துப்பாக்கிச் சண்டை மூண்டது. அதிபர் ஸல்வா கீர் டிங்கா இனத்தவர். அந்த ஜூலையில் அவர் பதவியிலிருந்து தூக்கிய துணை அதிபர் ரியக் மச்சார் நுவேர் இனத்தவர். அரண்மனைச் சண்டை விடிவதற்குள் தெருவுக்கு வந்துவிட்டது.

நகரின் மேற்கில் குடேலே என்ற குடியிருப்பு. பழைய போர் ஓய்ந்தபின் ஊர் திரும்பியவர்கள் மனை பிடித்து வீடு கட்டிக்கொண்ட பகுதி. திங்கட்கிழமை ஆயுதம் ஏந்தியவர்கள் அங்கே வீடு வீடாக ஏறினார்கள். ஆண்களை வெளியே நிறுத்தி டிங்கா மொழியில் பேச்சுக் கொடுத்தார்கள். பதில் வராதவன் நுவேர். சிலரிடம் அதைக்கூடக் கேட்கத் தேவைப்படவில்லை. ஆணாக வளர்ந்ததன் அடையாளமாக நுவேர் இளைஞர்களின் நெற்றியில் காதுக்குக் காது ஆறு கோடுகள் கீறுவார்கள். 'கார்' என்று அதற்குப் பெயர். ஊரில் மரியாதை தேடித்தந்த அந்தத் தழும்பு அன்றைக்கு ஆளைக் காட்டிக்கொடுத்தது.

பிடித்தவர்களை நடத்திக்கொண்டுபோய் ஒரு கட்டடத்துக்குள் அடைத்தார்கள். டிசம்பர் வெயில், காற்று நுழைய வழியில்லாத கூட்டம். இரவானதும் ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். செத்தவர்கள் 200 முதல் 300 பேர் என்று மனித உரிமை விசாரணைகள் கணக்கிட்டன. பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பிணங்களுக்கு அடியில் அசையாமல் கிடந்ததால் பிழைத்தவர்கள். ஆப்பிரிக்க ஒன்றியம் நைஜீரியாவின் முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோ தலைமையில் அமைத்த விசாரணை ஆணையமும் இந்தப் படுகொலையைப் பதிவு செய்தது.

அந்தக் கட்டடம் போலீஸ் பயன்படுத்திவந்த கட்டடம். சுட்டவர்கள் யார், உத்தரவு யாருடையது என்பது குற்றவியல் நீதிமன்றம் தீர்க்கவேண்டிய கேள்வி. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. பிறந்து இரண்டரை வயதுகூட நிறையாத ஒரு நாட்டில், ஐ.நா.வும் மேற்கு நாடுகளும் ஆண்டுக்கணக்கில் பணமும் ஆளும் கொட்டி வளர்த்த ஒரு காவல்துறை, தன் கூரைக்கு அடியில் இப்படியொன்று நடக்கும்போது எங்கே போயிருந்தது?

நான் படித்தவரையில் பெரும்பாலானோர் சொல்லும் பதில் 'பயிற்சி போதவில்லை' என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் துறை எதற்காக ஆள் சேர்த்தது என்று பார்த்தால் விடை வேறு இடத்தில் இருக்கிறது.

மிஞ்சிய படையை வைக்க ஓரிடம்

2005 ஜனவரி 9 அன்று சூடான் அரசும் தெற்கின் போராளி இயக்கமான எஸ்.பி.எல்.எம்.மும் முழுமையான அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 1983 முதல் நடந்த போர் முடிவுக்கு வந்தது. 6 ஆண்டு இடைக்காலம், பிறகு தெற்கு பிரிந்துபோவதா என்று வாக்கெடுப்பு. தெற்குக்குத் தனி அரசு கிடைத்தது. கூடவே தனிப் போலீஸும் தேவைப்பட்டது.

ஆட்கள் இரண்டு பக்கத்திலிருந்து வந்தார்கள். போர் முழுவதும் கார்ட்டூமில் இருந்த சூடான் அரசின் பிடியில் இருந்த ஜூபா, வாவ், மலக்கால் போன்ற கோட்டை நகரங்களில் வேலை பார்த்த பழைய போலீஸ்காரர்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு ஸ்டேஷன் நடைமுறை தெரியும், அரபியில் எழுதத் தெரியும். ஆனால் காட்டிலிருந்து வந்தவர்கள் பார்வையில் அவர்கள் எதிரியின் சம்பளம் வாங்கியவர்கள். மறுபக்கம் எஸ்.பி.எல்.எம்.மின் படையான எஸ்.பி.எல்.ஏ.வின் போராளிகள். ராணுவத்துக்கு அத்தனை பேர் வேண்டியதில்லை. வயதானவர், காயம்பட்டவர், படிப்பில்லாதவர் என்று கழித்த ஆட்களைப் போலீஸ், சிறை, வனவிலங்குக் காவல், தீயணைப்பு ஆகிய துறைகளுக்குத் தள்ளிவிட்டார்கள்.

இதை அவசரத்தில் செய்த தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. துப்பாக்கி பிடித்தவனைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினால் அவன் இன்னொரு தளபதியோடு சேர்ந்து திரும்பி வருவான். அந்தப் பயம் நியாயமானது. சம்பளப் பட்டியல்தான் அமைதியைக் கட்டிவைத்த கயிறு. போலீஸ் அந்தக் கயிற்றின் ஒரு முனை. பட்டியலில் செத்தவர் பெயரும் இல்லாதவர் பெயரும் ஏறின. ஆளையும் பெயரையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க ஐ.நா. அமைப்புகள் தனியாகப் பதிவுத் திட்டம் நடத்த வேண்டியிருந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதவிப் பெயர்கள்கூட ராணுவத்திலிருந்து அப்படியே வந்தன: லெஃப்டினன்ட் ஜெனரல், மேஜர் ஜெனரல், கர்னல்.

எஸ்.பி.எல்.ஏ.வில் ஒரு தளபதிக்குக் கீழ் இருந்தவன் உடுப்பு மாறிய பிறகும் அதே தளபதியின் ஆள். 2013 டிசம்பரைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல் என்று நினைக்கிறேன்.

புகாரை எழுத ஆளில்லாத ஸ்டேஷன்

சட்டத்தின் கதை தனிக் கதை. 1899ல் ஆங்கிலேயர் சூடானுக்கு எழுதிய தண்டனைச் சட்டம், 1860ன் இந்திய தண்டனைச் சட்டத்தை மாதிரியாக வைத்து எழுதப்பட்டது. அதாவது ஜூபா போலீஸின் மூதாதையும் நம் ஊர் போலீஸின் மூதாதையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1983ல் கார்ட்டூம் ஷரியாவைக் கொண்டுவந்தது. தெற்கு அதை ஏற்காமல் போரிட்டது. அமைதிக்குப் பிறகு 2008ல் புதிய தண்டனைச் சட்டமும் குற்ற விசாரணை முறைச் சட்டமும் இங்கிலீஷில் வந்தன. 2009ல் போலீஸ் சட்டம் வந்தது. 2011ல் இங்கிலீஷ் ஆட்சிமொழி ஆனது.

ஒரு ஸ்டேஷன் மேசைக்கு முன்னால் இது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் வந்து நிற்கிறாள். பேசுவது பாரி மொழி, அல்லது ஜூபா அரபி. உட்கார்ந்திருக்கும் பழைய ஏட்டுக்குத் தெரிந்த எழுத்து அரபி. பக்கத்தில் நிற்கும் முன்னாள் போராளிக்கு எந்த எழுத்தும் தெரியாது. மேசையில் இருக்கும் சட்டம் இங்கிலீஷ். நீதிபதி கேட்கும் காகிதமும் இங்கிலீஷ். நம் ஸ்டேஷன்களில் 'ரைட்டர்' என்று ஒருவர் இருப்பார். புகாரை எழுதுவதும் கேஸ் டைரியைக் கட்டுவதும் அவர் வேலை. இன்ஸ்பெக்டர் மாறினாலும் ஸ்டேஷன் நடப்பது அவரால். தெற்கு சூடானில் இல்லாமல் போனது அந்த ரைட்டர்தான். ஆயுதத்துக்கு அங்கே என்றும் பஞ்சமில்லை.

எழுத்து இல்லாத இடத்தில் வழக்கு இல்லை, கைது மட்டும் இருக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்தவேண்டும் என்று 2011 இடைக்கால அரசியலமைப்பு சொல்கிறது. லாக்கப்பில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கிடந்தவர்களை மனித உரிமைக் குழுக்கள் திரும்பத் திரும்பக் கண்டன. கடனைத் திருப்பாதவன், கள்ள உறவு என்று கணவன் கை காட்டியவள் எல்லாரும் ஒரே அறையில் கிடந்தார்கள். தப்பிவிட்டவனுக்குப் பதில் அவன் தம்பியையோ தகப்பனையோ பிடித்துவைப்பதும் வழக்கம்.

ஊர்ப்புறத்தில் நியாயம் என்பது பெரும்பாலும் இனக்குழுத் தலைவர்கள் நடத்தும் நீதிமன்றங்களின் வேலை. மரத்தடியில் கூடி, வழக்கைக் கேட்டு, மாட்டில் தீர்ப்புச் சொல்வார்கள். 2008 தண்டனைச் சட்டத்தின் 206ஆம் பிரிவே இதற்கு இடம் கொடுக்கிறது. கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. செத்தவரின் நெருங்கிய உறவினர் இரத்த ஈடு போதும் என்றால் நீதிமன்றம் ஈட்டை வாங்கித் தந்து, 10 ஆண்டுக்கு மேற்படாத சிறையோடு நிறுத்திக்கொள்ளலாம். இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. பழிக்குப் பழி என்று அண்ணன் தம்பிகள் கிளம்பாமல் தடுப்பது அந்த மாடுகள்தான். ஆனால் தீர்ப்பான மாடு கைமாறுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்தில்தான் போலீஸ் தேவைப்பட்டது, அங்கேதான் அது இல்லை. 2011 டிசம்பர் கடைசியில் நுவேர்களில் ஒரு கிளையான லூ நுவேர் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு முர்லே மக்களின் பிபோர் பகுதிக்குள் இறங்கினார்கள். கூட்டம் நகர்வதை ஐ.நா. முன்கூட்டியே பார்த்துச் சொல்லியும் தடுக்க முடியவில்லை. அந்தத் தாக்குதலிலும் 2012 பிப்ரவரி தொடக்கம்வரை நடந்த பதிலடியிலும் 888 பேர் செத்ததாக ஐ.நா. பின்னர் அறிக்கை தந்தது.

ராஜாஃப்

ஜூபாவுக்குத் தெற்கே நைல் ஓரமாக ராஜாஃப். அங்கே எஸ்.பி.எல்.எம். நிறுவனர் ஜான் கராங் பெயரில் பெரிய போலீஸ் பயிற்சி மையம் எழுந்தது. 2011 ஜனவரியில் நடக்கவிருந்த வாக்கெடுப்புக்குப் பாதுகாப்பு கொடுக்க, சுமார் 6,000 இளைஞர்களை முந்தைய ஆண்டில் அங்கே சேர்த்தார்கள். இது புதுத் தலைமுறை. போர்க்களம் பார்க்காதவர்களும் படித்தவர்களும் பெண்களும் இருந்த அணி. நம்பிக்கை வைக்க ஓர் இடம் இருந்தது என்றால் இதுதான்.

பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது உள்ளே அடி, சித்திரவதை, பெண் பயிற்சியாளர்கள் மீது பாலியல் வன்முறை. குறைந்தது இருவர் செத்தார்கள். ஐ.நா.வின் உள்ஆவணங்கள் வழியாக இது 2011 ஜனவரியில், வாக்கெடுப்புக் காலத்திலேயே வெளியே வந்தது. பயிற்சி கொடுத்தவர்கள் கொரில்லாப் போரில் ஆள் பழக்கிய அதே கையோடு பழக்கினார்கள். அடிபட்டு வளர்ந்தவன் ஸ்டேஷனுக்குப் போய் என்ன செய்வான்?

அந்த வாக்கெடுப்பில் 98.83 சதவீதம் பேர் பிரிவினைக்கு ஓட்டுப் போட்டார்கள். ஜூலை 9 அன்று கொடி ஏறியது. ஆறு வாரம்தான் ஆகியிருக்கும். ஆகஸ்ட் 20 அன்று ஜூபாவில் ஒரு ஹோட்டலில் ஐ.நா. தூதுக்குழுவின் மனித உரிமைப் பிரிவுத் தலைவர் பெனடிக்ட் சன்னோவைப் பத்துப் பன்னிரண்டு போலீஸ்காரர்கள் சேர்ந்து அடித்து உதைத்தார்கள். அவர் மருத்துவமனையில் கிடந்தார். போலீஸ் மனித உரிமையை மதிக்கிறதா என்று கண்காணிக்க வந்தவருக்கே அந்தக் கதி.

இதையெல்லாம் அன்றைக்கு 'வளர்ச்சிக்கால வலி' என்று கடந்துபோனார்கள். ஐ.நா. பாதுகாப்புச் சபை 2011 ஜூலையில் 1996ஆம் தீர்மானத்தின்படி அனுமதித்த 900 போலீஸ் ஆலோசகர்கள் வகுப்பெடுத்தார்கள், கையேடு தந்தார்கள். 777 என்ற அவசர அழைப்பு எண் ஜூபாவில் வந்தது. ஊராரும் போலீஸும் சேர்ந்து உட்காரும் குழுக்கள் அமைந்தன. நல்ல வேலைகள்தான். அந்தக் குழுக்களில் உட்கார்ந்த சாதாரணப் போலீஸ்காரர்களில் உண்மையாகவே தம் பேட்டையைக் காக்க நினைத்தவர்கள் இருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கட்டளைச் சங்கிலி எங்கே போய் முடிகிறது என்ற கேள்வியை எந்த வகுப்பும் தொடவில்லை.

டிசம்பருக்குப் பிறகு

சண்டை மூண்டதும் போலீஸ் போலீஸாக நிற்கவில்லை. நுவேர் போலீஸ்காரர்கள் சில இடங்களில் ஆயுதத்தைப் பறிகொடுத்தார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள், பலர் ஐ.நா. முகாமுக்கு ஓடினார்கள் அல்லது மச்சார் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அப்பர் நைல், யூனிட்டி, ஜோங்லே மாநிலங்களில் துறை இரண்டாகப் பிளந்தது. யாருடைய ஆளாகச் சேர்ந்தார்களோ அவர் பக்கம் போனார்கள். குடேலே கட்டடத்தை அன்று ஒரு போலீஸ் நிலையம் என்று சொல்வதற்கு அதன் சுவர்களைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. உள்ளே அடைத்தவர்கள் யார், என்ன குற்றம், யார் பொறுப்பு என்று எழுதி வைக்கும் ஒரு கை அங்கே இருந்திருந்தால், கொலைகாரர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கத் தயங்கியிருப்பார்கள்.

2014 மே 27 அன்று பாதுகாப்புச் சபை 2155ஆம் தீர்மானத்தில் தன் தூதுக்குழுவின் வேலையையே மாற்றியது. அரசைக் கட்டி எழுப்புவது கைவிடப்பட்டு, பொதுமக்களைக் காப்பது முதல் வேலை ஆனது. போலீஸுக்கான உதவி நின்றது. ஐ.நா. முகாம்களின் கம்பி வேலிக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் ஒரு கட்டத்தில் 2 லட்சத்தைத் தாண்டினார்கள். தெற்கு சூடான் போலீஸுக்குப் பாடம் நடத்த வந்த வெளிநாட்டுப் போலீஸ்காரர்கள் இப்போது முகாமுக்குள் தாங்களே ரோந்து போனார்கள், திருடனைப் பிடித்தார்கள், சண்டை போட்டவனைத் தனி அறையில் வைத்தார்கள்.

இதற்கிடையில் பணமும் செத்தது. 2012 ஜனவரியில் எண்ணெய் கொண்டுபோகும் குழாய்க்கான கட்டணம் பற்றிச் சூடானோடு வந்த தகராறில் நாடு தன் எண்ணெய் உற்பத்தியைத் தானே நிறுத்தியது. அரசு வருமானத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் அதிலிருந்துதான் வந்தது. 2015 டிசம்பரில் நாணயத்தை மிதக்க விட்டபோது டாலருக்கு 2.96 பவுண்டு என்றிருந்த அரசு விலை ஒரே நாளில் 18.5 பவுண்டுக்குப் போனது. கான்ஸ்டபிளின் சம்பளம் டாலர் கணக்கில் ஆறில் ஒரு பங்கானது, அதுவும் மாதக்கணக்கில் வராமல் நின்றது. பசியோடு துப்பாக்கி வைத்திருப்பவன் சாலையில் கயிறு கட்டி வண்டியை நிறுத்தினான். லஞ்சம் என்று சொல்லித் திட்டுவது எளிது. அவன் பிள்ளையும் சாப்பிட வேண்டும் என்பதை மறந்துவிட்டு இந்தத் துறையைப் பற்றி எழுதுவது நியாயமில்லை.

ஒரே ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. 'படிவம் 8' என்று அதற்குப் பெயர். தாக்கப்பட்டவரின் காயத்தை மருத்துவர் குறித்துத் தரும் போலீஸ் படிவம். சட்டப்படி அது வழக்குக்கான சான்று, சிகிச்சைக்கு முன்நிபந்தனை கிடையாது. நடைமுறையில் தலைகீழாக ஆனது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் முதலில் ஸ்டேஷனுக்குப் போய்ப் படிவத்தை வாங்கி வந்தால்தான் மருத்துவமனை தொடும். ஸ்டேஷனில் படிவம் தீர்ந்திருக்கும், அல்லது காசு கேட்பார்கள், அல்லது அவளைக் கெடுத்தவனைப் போலவே உடுப்புப் போட்டவன் மேசையில் இருப்பான். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஒரு தாளுக்காக அலைந்து அந்த மூன்று நாளைத் தொலைத்த பெண்கள் இருக்கிறார்கள். படிவம் இல்லாமலே சிகிச்சை தரலாம் என்று அரசு தெளிவுபடுத்திய பிறகும் பழக்கம் உடனே மாறவில்லை.

எழுத்தறிவைப் பற்றி மேலே சொன்னேனே, அதன் மறுபுறம் இது. கையில் கிடைத்த ஒரே காகிதத்தைச் சிலர் பூட்டாக்கினார்கள். அதே காகிதத்தைச் சாவியாக்கியவர்களும் உண்டு. ஸ்டேஷன்களில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொடங்கிய சிறப்புப் பாதுகாப்புப் பிரிவுகளில் பெண் போலீஸார் தனி அறையில் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். 2020 டிசம்பரில் ஜூபாவில் பாலின வன்முறை வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் திறந்தது. எழுதிய காகிதம் போய்ச் சேர ஓர் இடம் வந்தது.

திரும்பவும் ராஜாஃப்

2018 செப்டம்பரில் கீரும் மச்சாரும் மறுபடி ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். இரு தரப்பு ஆட்களையும் கலந்து, பயிற்சி கொடுத்து, 83,000 பேர் கொண்ட ஒருங்கிணைந்த படை அமைப்பது அதில் ஒரு நிபந்தனை; ராணுவத்தோடு போலீஸும் அதில் அடக்கம். போலீஸ் பிரிவுக்குப் பயிற்சி நடந்த இடம் அதே ராஜாஃப். முகாம்களில் சாப்பாடும் மருந்தும் இல்லாமல் பலர் விட்டுவிட்டு ஓடினார்கள். 2022 ஆகஸ்ட் 30 அன்று ஜான் கராங் நினைவிடத்தில் முதல் அணிவகுப்பு நடந்தபோது பலர் கையில் மரத்துப்பாக்கி இருந்தது. ஆயுதத் தடையைக் காரணம் காட்டினார்கள். அதைவிடப் பெரிய குறை எனக்குத் தெரிவது வேறு. 2005ல் மிஞ்சிய படையை வைக்கப் போலீஸைப் பயன்படுத்தினார்கள், 2022லும் அதையே செய்தார்கள். இந்தமுறை ஒரு தளபதிக்குப் பதில் இரண்டு தளபதிகள்.

இதோடு இன்னொரு நிழலும் சேர்ந்தது. 2014ன் தேசியப் பாதுகாப்புச் சேவைச் சட்டம் உளவுத்துறைக்குக் கைது செய்யவும் அடைத்துவைக்கவும் அதிகாரம் தந்தது. ஜூபாவில் 'நீல மாளிகை' என்று மக்கள் சொல்லும் அதன் தலைமையகத்துக்குள் போன ஆளைப் பற்றி எந்த ஸ்டேஷனிலும் கேட்க முடியாது. சின்னத் திருட்டு போலீஸுக்கு, பெரிய கைது உளவுத்துறைக்கு என்று ஆனபின் போலீஸின் சொல்லுக்கு என்ன கனம் இருக்கும்?

ஆனாலும் துறை முழுவதும் ஒரே நிறம் என்று எழுதினால் அது பொய். 2025 ஜனவரியில் சூடானின் கெசிராவில் தெற்கு சூடான்காரர்கள் கொல்லப்பட்ட வீடியோக்கள் பரவி, ஜூபாவில் சூடான் வியாபாரிகளின் கடைகளை ஒரு கூட்டம் அடித்து நொறுக்கியது. 16 சூடான்காரர்கள் செத்தார்கள். போலீஸ் மாலை 6 முதல் காலை 6 வரை ஊரடங்கு போட்டது. துரத்தப்பட்ட சூடான் குடும்பங்கள் போலீஸ் நிலையங்களில் போய்த் தஞ்சம் புகுந்தன. பதினோரு ஆண்டுக்கு முன் ஒரு போலீஸ் கட்டடத்துக்கு இழுத்துப்போனவர்கள் திரும்பவில்லை. இந்தமுறை ஓடிவந்து நுழைந்தவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள்.

குடேலேயிலிருந்தும் மற்ற பகுதிகளிலிருந்தும் தப்பி ஜூபா ஐ.நா. முகாமுக்குள் ஓடியவர்களில் பலர் ஏழு ஆண்டுக்குப் பிறகும் அங்கேயே இருந்தார்கள். 2020 இறுதியிலும் 2021லும் ஐ.நா. ஜூபா, போர் (Bor), வாவ், பெந்தியு ஆகிய ஊர்களில் இருந்த முகாம்களை ஒவ்வொன்றாக, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான சாதாரண முகாமாக மாற்றி, காவல் பொறுப்பைத் தெற்கு சூடான் அரசிடம் ஒப்படைத்தது. வேலிக்கு வெளியே போலீஸ் போஸ்ட் வந்தது. 2015 உடன்பாட்டில் வாக்குத் தந்த, ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து அமைக்கவேண்டிய கலப்பு நீதிமன்றம் அன்றைக்கும் அமைந்திருக்கவில்லை. குடேலே கட்டடத்தின் ஜன்னல் வழியாகச் சுட்டவர்கள் யார் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லாத நிலையில், நெற்றியில் ஆறு கோடு உள்ளவர்கள் தண்ணீர் எடுக்கவும் விறகு பொறுக்கவும் அந்தப் போஸ்டைத் தாண்டிப் போனார்கள்.